காட்டைவிடத் துடைப்பம் பெரிது: மியாசாகி, தகாஹாதா படங்களில் பக்தி எங்கே இருக்கிறது?

பழைய புரொஜெக்டர் எழுதியது:

இயக்குநர்கள் மியாசாகி, தகாஹாதாவின் ஜப்பானிய அசைபட ஸ்டுடியோவான ஜிப்லியின் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "இயற்கையைத் தெய்வமாகப் பார்க்கும் படங்கள்" என்று ஒரு வரியில் முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் ஒரு மனக்குறை. அந்தப் படங்களில் யாரும் அதிகம் கும்பிடுவதில்லை. கும்பிடும் நேரத்தில் தரையைத் துடைக்கிறார்கள், தொட்டியைத் தேய்க்கிறார்கள், கயிறு பிடித்து இழுக்கிறார்கள், துருத்தி மிதிக்கிறார்கள்.

'ஸ்பிரிட்டட் அவே' (2001) படத்தில் சாமிகளின் குளியல் விடுதிக்கு நாற்றமெடுத்த சாமி குளிக்க வரும் காட்சியைப் பாருங்கள். மழை கொட்டுகிறது. சேறே உருவமாகி நடந்து வருவதுபோல் ஒன்று பாலத்தைத் தாண்டி வருகிறது. வேலைக்காரி லின் கையிலிருக்கும் சோறு அந்த நாற்றத்திலேயே கெட்டுப்போகிறது. வேலைக்குச் சேர்ந்து ஓரிரு நாள்கூட ஆகாத சிறுமி சென் தலையில் அந்த விருந்தாளி கட்டப்படுகிறார். தொட்டிக்குள் விழுந்து எழுந்து, சகதியில் கைவிட்டுத் துழாவும்போது முள் போல ஏதோ தட்டுப்படுகிறது. கயிறு கட்டி விடுதியே சேர்ந்து இழுக்கிறது. வெளியே வருவது ஒரு சைக்கிள். அதன் பின்னால் மலைமலையாகக் குப்பை. எல்லாம் வந்துவிட்டது என்று நினைக்கும்போது ஒரு தூண்டில் நரம்பு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதையும் அவளே உருவி எடுக்கிறாள். வந்தவர் பெயர்பெற்ற ஒரு நதியின் தெய்வம் என்பது பிறகுதான் தெரிகிறது.

குப்பை கொட்டியதோடு காட்சியை முடித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அந்தத் தூண்டில் நரம்பை வைத்த கைதான் மியாசாகியின் கை. தம் வீட்டுப் பக்கத்து ஆற்றைத் துப்புரவு செய்யப் போனபோது சைக்கிளை இழுத்தெடுத்த அனுபவமே இந்தக் காட்சி என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ஆகவே என் கட்சி இது: இந்தப் படங்களில் பக்தி என்பது பராமரிப்பு வேலை. மறுப்பவர்கள் வரலாம்.

வடக்குத்தெரு எழுதியது:

மறுக்கத்தான் வந்தேன், ஐயா. தூண்டில் நரம்பு வரைக்கும் கவனித்திருக்கிறீர்கள், சரி. அந்தச் சாமி போனபிறகு என்ன நடக்கிறது? தரையெல்லாம் தங்கத்துகள். வேலைக்காரர்கள் விழுந்து விழுந்து பொறுக்குகிறார்கள். விடுதி முதலாளி யுபாபா எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்கிறாள். துப்புரவு செய்தவளுக்கு ஒரு கசப்பு உருண்டைதான் மிச்சம். இதைப் பக்தி என்பீர்களா, கூலி வேலை என்பீர்களா?

இன்னொன்று. 'என் பக்கத்து வீட்டுத் தொத்தோரோ' (1988) காட்டும் 1950களின் கிராமம் நகரத்து மனிதனின் ஏக்கம். கடன் இல்லை, சாதிச் சண்டை இல்லை, சேற்றுப்புண்கூட இல்லை. ஜப்பானியர்கள் மரத்தையும் மலையையும் வணங்குகிறவர்கள் என்றால் மினமாட்டா எப்படி நடந்தது? ஒரு தொழிற்சாலை பாதரசத்தைக் கடலில் கொட்டியபோது எந்தச் சாமி வந்து தடுத்தது?

சைதாமாவாசி எழுதியது:

வடக்குத்தெரு அண்ணன் கேட்ட கேள்வி நியாயமானது. ஆனால் அதே கேள்வியை மியாசாகி உங்களுக்கு முன்பே கேட்டுவிட்டார்.

மினமாட்டா நோய் அதிகாரபூர்வமாக அடையாளம் காணப்பட்டது 1956இல். சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலைக் கழிவிலிருந்த மெத்தில் பாதரசம் மீன் வழியாக மனிதர்களுக்குப் போனது. மீன்பிடிப்பு நின்றுபோன பிறகு அந்த விரிகுடாவில் மீன்கள் கூட்டம் கூட்டமாகப் பெருகின என்ற செய்தி மியாசாகியை உலுக்கியது. 'காற்றுப் பள்ளத்தாக்கின் நௌசிகா' (1984) முளைத்த இடங்களில் அதுவும் ஒன்று. மனிதன் ஊற்றிய நஞ்சைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு உயிர்கள் தொடர்ந்து வாழ்கின்றன என்ற எண்ணம். அங்கே ஆறுதலும் இருக்கிறது, அவமானமும் இருக்கிறது.

படத்தில் நௌசிகா கோட்டைக்கு அடியில் ஓர் அறையில் நச்சுக்காட்டுச் செடிகளை ரகசியமாக வளர்க்கிறாள். ஆழத்திலிருந்து காற்றாலை இறைக்கும் சுத்தமான நீரையும் நல்ல மண்ணையும் கொடுத்தால் அவை நஞ்சு கக்குவதில்லை. கெட்டுப்போனது மண்தான் என்று அப்படித்தான் கண்டுபிடிக்கிறாள். அவளைத் தீர்க்கதரிசனப் பெண்ணாக மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். அவள் ஒரு தோட்டக்காரி, ஓர் ஆய்வாளர். அந்த அறையில் விளக்கை அணைத்துவிட்டு, தண்ணீரை நிறுத்திவிட்டதால் இந்தச் செடிகள் இனி வாடிவிடும் என்று அவள் சொல்லும் இடத்தைத் திரும்பப் பாருங்கள்.

"ஜப்பானியர் எல்லாருமே இயற்கையை வணங்குகிறவர்கள்" என்பதில் எனக்கும் உடன்பாடில்லை. 1906இல் மெய்ஜி காலத்து ஜப்பானிய அரசாங்கமே ஊர்ச் சிறுகோயில்களை ஒன்றாக இணைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கான கோயில்கள் மறைந்தன, அவற்றைச் சுற்றியிருந்த கோயில்காடுகள் வெட்டி விற்கப்பட்டன. வகயாமாவின் தனபே ஊரில் இருந்த மினகாதா குமகுசு என்ற இயற்கையியலாளர் அதை எதிர்த்துக் கடிதம் கடிதமாக எழுதினார். 1910இல் அதிகாரிகளின் கூட்டம் ஒன்றுக்குள் புகுந்து ரகளை செய்ததற்காகச் சிறையிலும் இருந்தார். சாமி பெயராலேயே சாமியின் காடு போனது. காட்டு ஆவியான தொத்தோரோ வாழும் கற்பூர மரத்தில் கட்டியிருக்கும் வைக்கோல் புரிக்கயிறைப் பார்க்கும்போது எனக்கு இந்த வரலாறுதான் நினைவுக்கு வரும். அந்த மரம் தப்பிப் பிழைத்த மரம்.

தேன்சிட்டு எழுதியது:

எல்லாரும் பெரிய பெரிய விஷயங்களாகப் பேசுகிறீர்கள். நான் ஆறாம் வகுப்பு ஆசிரியை. எங்கள் பள்ளி நூலகத்தில் சனிக்கிழமை மாலை படம் போடுகிறோம். தொத்தோரோ போட்டாயிற்று, பிள்ளைகள் பூனைப் பேருந்தை விட்டு இறங்கவில்லை. அடுத்தது என்ன போடலாம் என்று கேட்கத்தான் இந்த இழைக்கு வந்தேன்.

பக்தி விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தப் படத்துச் சகோதரிகள் மெய்யும் சட்சுகியும் மழையில் மாட்டிக்கொண்டு பாதையோரத்தில் ஜிசோ என்ற பௌத்தக் காவல் தெய்வத்தின் சிலையின் சிறு கூரைக்கு அடியில் ஒதுங்கும்போது, சற்று நேரம் இங்கே நிற்கிறோம் என்று சட்சுகி அந்தச் சிலையிடம் அனுமதி கேட்கிறாள். என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை அந்த இடத்தில் தானும் கைகூப்பினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பழைய புரொஜெக்டர் எழுதியது:

வடக்குத்தெரு, கூலி வேலைக்கும் பக்திக்கும் நடுவே நீங்கள் போடும் கோட்டை அந்தப் படமே அழித்துவிடுகிறது. தங்கத்தைப் பொறுக்கியவர்களுக்குத் தங்கம் கிடைத்தது, அதுவும் பறிபோனது. கசப்பு உருண்டையை வைத்துத்தான் சென் தன் நண்பன் ஹாக்குவையும் முகமற்றவன் என்ற ஆவியையும் காப்பாற்றுகிறாள்.

ஹாக்கு யார்? அடுக்குமாடிக் கட்டடத்துக்காகத் தூர்க்கப்பட்ட ஓர் ஆறு. திரும்பிப் போக அவனுக்கு இடமே இல்லை. படத்தின் மகிழ்ச்சியான முடிவுக்குள் மியாசாகி அதை ஒளித்துவைத்திருக்கிறார். குப்பை அடைத்த ஆற்றைக் கழுவலாம். தூர்த்த ஆற்றை என்ன செய்வது?

உலைக்களம் எழுதியது:

நான் உலோகவியல் படித்தவன். எனக்கு 'இளவரசி மொனோனோகே' (1997) மட்டும் போதும். காட்டைப் பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். இரும்பைப் பற்றிச் சொல்கிறேன்.

காட்டோடு மோதும் தலைவி எபோஷியின் ஊர் தாதாரா உலை ஊர். தாதாரா என்பது களிமண்ணால் கட்டிய உலை. இரும்பு மணலையும் கரியையும் மாற்றி மாற்றிக் கொட்டி, துருத்தியால் காற்று ஊத வேண்டும். முடிந்ததும் உலையை உடைத்துத்தான் இரும்பை எடுக்க வேண்டும். கரி தின்னும் உலை அது. மலையில் இரும்பு மணலைப் பிரிக்க மண்ணை வெட்டி ஓடையில் கரைத்து விடுவார்கள். கீழே வயல்களில் சேறு சேரும், ஆற்றின் மட்டம் உயரும். காட்டுப் பன்றிகளின் கோபத்துக்கு இதைவிடத் துல்லியமான காரணம் வேண்டாம்.

ஆனால் மியாசாகி ஒரு பெரிய விஷயத்தைத் தலைகீழாக்கினார். உண்மையான தாதாராவுக்குள் பெண்களுக்கு இடமில்லை. உலைகளின் தெய்வமான கனயாகோ ஒரு பெண் தெய்வம். அவளுக்குப் பெண்கள் வருவது பிடிக்காது என்பது நம்பிக்கை. படத்தில் துருத்தி மிதிப்பவர்கள் எல்லாரும் பெண்கள், விலைமாதர் விடுதிகளிலிருந்து எபோஷி காசு கொடுத்து மீட்டவர்கள். நான்கு பகல் ஐந்து இரவு மிதிக்கவேண்டும் என்று ஒருத்தி அலட்டிக்கொள்ளாமல் சொல்கிறாள். கதாநாயகன் அசிதாகாவும் ஏறி மிதித்துப் பார்க்கிறான். அவர்களுக்கு அந்த ஊர் விடுதலை. அதே ஊர் காட்டுக்குச் சாவு. இரண்டையும் ஒரே பலகையின் மீது நிறுத்தி மிதிக்கவிடுகிறார்.

பின்னால் தோட்டத்துக் கொட்டகையில் தொழுநோயாளிகள் துப்பாக்கி செய்கிறார்கள். படம் எடுக்கத் திணறிக்கொண்டிருந்தபோது தம் வீட்டுக்கு அருகிலிருந்த தொழுநோய் மருத்துவமனைக்கு நடந்து போனதைப் பற்றி மியாசாகி 2016இல் ஒரு கூட்டத்தில் பேசினார். நோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்துவைத்த ஜப்பானியச் சட்டம் நீக்கப்பட்டது 1996இல், படத்துக்கு ஒரு வருடம் முன்பு. இந்தப் பின்னணி தெரியாமல் எபோஷியை வில்லி என்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு.

வடக்குத்தெரு எழுதியது:

வில்லி என்று நான் சொல்லவில்லை. ஆனால் காட்டுச்சாமியின் தலையைச் சுட்டு வீழ்த்தியவள் அவள். தண்டனையாக ஒரு கை மட்டும் போகிறது, பிறகு "நல்ல ஊராகக் கட்டுவோம்" என்கிறாள். காட்டுக்கு நீதி கிடைத்ததா?

சைதாமாவாசி எழுதியது:

கிடைக்கவில்லை. படமும் கிடைத்ததாகச் சொல்லவில்லை. மலைகள் மறுபடி பச்சையாகின்றன, ஆனால் அது காட்டுச்சாமி ஷிஷிகாமியின் பழைய காடு இல்லை என்று ஓநாய்கள் வளர்த்த பெண் சான் சொல்லிவிடுகிறாள். அசிதாகாவைப் பிடிக்கும், மனிதர்களை மன்னிக்க முடியாது என்றும் சொல்கிறாள். அவள் காட்டில் இருக்கப் போகிறாள், அவன் உலை ஊரில் வேலை செய்யப் போகிறான்.

ஒரு தகவல். ஷிமானே மாகாணத்தின் ஒகுஇசுமோ பகுதியில் தாதாரா நடத்தியவர்கள் கரிக்கான மரத்தைச் சுழற்சி முறையில் வெட்டினார்கள். வெட்டிய மலைப்பகுதி மறுபடி வளர்ந்த பிறகே திரும்பி வருவார்கள். இரும்பு மணல் எடுத்துச் சிதைந்த சரிவுகளை நெல் வயல்களாக மாற்றினார்கள். இன்றைக்கு அழகான அடுக்கு வயல்கள் என்று பயணிகள் படம் எடுக்கும் இடங்கள் பல, பழைய சுரங்கத் தழும்புகள்.

மட்டுறுத்துநர் எழுதியது:

முடிவுகளைச் சொல்பவர்கள் முதல் வரியில் எச்சரிக்கை போடவும். இருவர் முறையிட்டிருக்கிறார்கள்.

போதிமரம் எழுதியது:

முடிவுகளைச் சொல்லப்போகிறேன், எச்சரிக்கை போட்டாயிற்று.

எல்லாரும் ஜப்பானின் மரபுச் சமயமான ஷிண்டோ பக்கமே நிற்கிறீர்கள். தகாஹாதாவிடம் பௌத்தம் நிறைய இருக்கிறது, அதுவும் சண்டை போடும் பௌத்தம். 'இளவரசி ககுயாவின் கதை' (2013) முடிவில் ககுயாவை அழைத்துப்போக நிலவிலிருந்து புத்தர் மேகத்தில் இறங்கி வருகிறார், கூடவே வாத்தியக்காரர்கள். இறக்கும் தருணத்தில் அமிதாப புத்தர் வந்து அழைத்துப்போவதாக வரையப்படும் பழைய ஜப்பானிய ஓவியங்களின் அமைப்பு அப்படியே இருக்கிறது. ஆனால் தகாஹாதா அதற்கு வைத்த இசை ஒரு திருவிழா ஊர்வலத்தின் துள்ளல் இசை. அழுதுகொண்டிருக்கும் வளர்ப்புப் பெற்றோரின் முன்னால் அது ஒலிப்பது சகிக்க முடியாத அளவுக்கு இனிமையாக இருக்கிறது. நிலவில் துயரம் இல்லை, அழுக்கு இல்லை. ககுயாவோ இந்த மண்ணில் பறவை, பூச்சி, புல், மரம் எல்லாவற்றோடும் கிடந்து உழல வேண்டும் என்கிறாள். நிலவுக்காரர்களின் மேலங்கியைத் தோளில் போட்டதும் அந்த நினைவும் போய்விடுகிறது.

இதோடு மியாசாகி வரைந்த நௌசிகா சித்திரக்கதையைச் சேர்த்துப் படியுங்கள். 1982 முதல் 1994 வரை தொடராக வந்தது. படம் அதன் தொடக்கப் பகுதி மட்டும். நச்சுக்காடே பழைய மனிதர்கள் பூமியைச் சுத்திகரிக்க வடிவமைத்தது என்பதும், நஞ்சுக்குப் பழகிவிட்ட இன்றைய மனிதர்கள் சுத்தமான உலகில் பிழைக்கவே முடியாது என்பதும் பின்னால் தெரிய வருகிறது. நௌசிகா அந்தச் சுத்தமான எதிர்காலத்தை மறுத்துவிடுகிறாள். இருவரும், மியாசாகியும் தகாஹாதாவும், பரிசுத்தத்தை நம்பவில்லை. பழைய புரொஜெக்டர் சொல்லும் துடைப்பத்துக்கு இங்கே ஒரு நிபந்தனை சேர்க்கிறேன். துடைக்கலாம், ஆனால் எல்லாம் ஒருநாள் பளபளவென்று ஆகிவிடும் என்று துடைக்கக்கூடாது.

இன்னொரு சிறு குறிப்பு. 'பொம் பொகோ'வில் (1994) உருமாறத் தெரியாத தனுக்கிகள் (உருமாறும் என்று ஜப்பானியக் கதைகள் சொல்லும் நாய்வகை விலங்குகள்) கடைசியில் நெம்புத்சு என்ற புத்தர் நாமம் பாடிக்கொண்டு, ஆடிக்கொண்டு, ஒரு பொக்கிஷக் கப்பலில் ஆற்றோடு போய் மறைகின்றன. பார்க்கக் கேளிக்கைபோல இருக்கும், உண்மையில் சாவுப் பயணம். ஜப்பானில் நாச்சி கடற்கரையிலிருந்து துறவிகள் சிறு படகில் அடைபட்டு, அவலோகிதர் என்ற போதிசத்துவரின் மலையைத் தேடிக் கடலுக்குள் போன வழக்கம் இருந்தது. அந்த நினைவு இந்தக் காட்சிக்கு அடியில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அந்த மலையைத் தென்னாட்டின் மலய மலைப் பக்கம் என்று சீனப் பயணி சுவான்சாங் குறித்திருக்கிறார். ஷு ஹிகோசாகா என்ற ஜப்பானியத் தமிழறிஞர் அதைப் பொதிகை மலை என்றே வாதிட்டார். அம்பாசமுத்திரத்துக்காரனாகிய எனக்கு அந்தக் கப்பல் காட்சி வேறு மாதிரி வலிக்கும்.

வடக்குத்தெரு எழுதியது:

பொம் பொகோவைச் சொன்னதால் சொல்கிறேன், என் ஏக்கக் குற்றச்சாட்டை அந்தப் படத்தின் மீது வைக்க மாட்டேன். அது தாமா நியூ டவுன் என்ற நிஜமான நகரத்தைப் பற்றியது. தோக்கியோவுக்கு மேற்கே மலைகளைச் சீவித் தட்டையாக்கிக் கட்டியது. 1971இல் குடியேற்றம் தொடங்கியது. தனுக்கிகள் தங்கள் மாயமெல்லாம் சேர்த்து ஒரு பேய் ஊர்வலம் நடத்துகின்றன. மக்கள் பயப்படுவதற்குப் பதில் மாடியில் நின்று கைதட்டுகிறார்கள். மறுநாள் ஒரு கேளிக்கைப் பூங்கா முதலாளி, அது என் விளம்பரம் என்று தொலைக்காட்சியில் சொல்லிவிடுகிறான். ஒரு சமூகத்தின் கடைசிக் கூக்குரலை விளம்பரமாக்கி விழுங்கும் இந்த இடம் எந்த ஆவணப்படத்தையும் விடக் கூர்மையானது. உருமாறத் தெரிந்தவை மனிதர்களாகி ரயிலில் அலுவலகம் போகின்றன. முயலுக்கும் மரநாய்க்கும் உருமாறத் தெரியாதே என்று ஒரு தனுக்கி நேராக நம்மைப் பார்த்துக் கேட்கிறது.

ஆனால் தொத்தோரோ பொம்மை விற்பனையைப் பற்றி யாராவது வாய் திறப்பீர்களா?

சைதாமாவாசி எழுதியது:

பொம்மை விற்கிறது, நிறைய விற்கிறது. என் மகளிடமும் இரண்டு இருக்கின்றன. ஆனால் இதையும் கேளுங்கள். நான் இருக்கும் இடத்திலிருந்து சயாமா குன்றுகளுக்கு ரயிலில் போய்வரலாம். தொத்தோரோ கதையின் நிலம் அதுதான். வீட்டுமனைகளும் குப்பைக் கிடங்குகளும் அந்தக் காடுகளைத் தின்னத் தொடங்கியபோது 1990இல் ஒரு நிதி இயக்கம் உருவானது. தொத்தோரோவின் பெயரையும் படத்தையும் பயன்படுத்த மியாசாகி அனுமதி கொடுத்தார். 1991இல் முதல் துண்டு நிலம் வாங்கினார்கள். இப்போது ஐம்பதுக்கு மேற்பட்ட துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை இருக்கும்.

முதல்முறை போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். பெரிய புராதனக் காடு கிடையாது. ஓக் மரங்கள் நிற்கும் சிறு தோப்பு. சில மரங்கள் அடியோடு வெட்டப்பட்டு, அடிக்கட்டையிலிருந்து மூன்று நான்கு புதுத் தண்டுகள் கிளம்பியிருக்கும். காட்டை அழித்துவிட்டார்களே என்று என்னோடு வந்தவர் பதறினார். விறகுக்கும் கரிக்கும் உழவர்கள் பதினைந்து இருபது வருடத்துக்கு ஒருமுறை வெட்டி வெட்டி வளர்த்த காடு அது. வெட்டாமல் விட்டால் மூங்கிலும் புதரும் ஏறி, வெளிச்சம் போய், கீழே பூக்கும் செடிகள் எல்லாம் ஒழிந்துவிடும். அதனால் தன்னார்வலர்கள் வாரவிடுமுறையில் அரிவாளோடு வந்து புதர் வெட்டுகிறார்கள், சருகு வாருகிறார்கள்.

தகாஹாதா 'ஒன்லி யெஸ்டர்டே'யில் (1991) இதையே ஒரு காரிலும் வயல் வரப்பிலும் வைத்துப் பேசவிடுகிறார். நகரத்திலிருந்து வந்த தாயேகோ இயற்கை அழகு என்று வியக்கும் காட்சியை, இந்தத் தோப்பு, இந்த ஓடை எல்லாம் உழவர்கள் உண்டாக்கியது என்று தோஷியோ விளக்குகிறான். அதற்கு முன்பே அவர் ஃபுகுவோகா மாகாணத்தின் யானகாவா ஊர்க் கால்வாய்களைப் பற்றி நிஜ ஆவணப்படம் எடுத்தார், 1987இல் வெளிவந்தது. நௌசிகாவில் வந்த பணத்தை மியாசாகி அதற்குக் கொடுத்தார். சாக்கடையாகிப்போன கால்வாய்களைத் தூர்த்து மூடுவதற்கு நகராட்சி திட்டம் போட்டிருந்தது. அந்த நகராட்சியின் ஊழியர் ஒருவரே எதிர்த்து நின்று, ஊர்மக்களைக் கூட்டி, தூர்வாரி மீட்டார். இன்றும் ஆண்டுதோறும் பிப்ரவரியில் நீரை வடியவிட்டுச் சுத்தம் செய்கிறார்கள். படப்பிடிப்பு இழுத்துக்கொண்டே போய்ப் பணம் தீர்ந்தது. அந்த நெருக்கடியும் சேர்ந்துதான் மியாசாகியின் அடுத்த படத்துக்கும் ஜிப்லி நிறுவனத்துக்கும் வழி திறந்தது என்பது வேடிக்கை. கால்வாய்ச் சேற்றிலிருந்து ஒரு ஸ்டுடியோ!

பழைய புரொஜெக்டர் எழுதியது:

சைதாமாவாசி, யானகாவா ஒன்றே என் கட்சிக்குப் போதும். நன்றி.

நீலக்குடை எழுதியது:

ஜிப்லியை விட்டு ஓர் அடி வெளியே வாருங்கள். இயக்குநர் ஷின்காயின் 'சுசுமே' (2022) உங்கள் பராமரிப்புக் கட்சிக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. கைவிடப்பட்ட வெந்நீர் ஊற்று நகரம், மூடிப்போன பள்ளி, ஓடாத கேளிக்கைப் பூங்கா. அங்கெல்லாம் ஒரு கதவு திறந்துகொண்டு நிலநடுக்கம் வெளியேறப் பார்க்கிறது. கதவை மூடப் பலம் மட்டும் போதாது. அந்த இடத்தில் முன்பு வாழ்ந்தவர்களின் குரல்களை நினைத்துக் கேட்க வேண்டும். நெடுங்காலம் எங்களுக்குத் தந்த மலையையும் ஆற்றையும் திருப்பித் தருகிறோம் என்று நிலத்தெய்வத்திடம் சொல்லிப் பூட்ட வேண்டும். ஊரைக் கட்டும்போது பூமி பூசை போடுகிறோம், ஊரைக் கைவிடும்போது யார் எதைச் செய்கிறார்கள்? மக்கள்தொகை குறைந்துவரும் நாட்டில்தான் இப்படியொரு சடங்கு தோன்ற முடியும். கடைசிக் கதவு 2011 மார்ச் 11 சுனாமி அழித்த ஊரில் இருக்கிறது.

உலைக்களம் எழுதியது:

சுசுமே பிடித்தது, ஆனால் அங்கே மண்ணுக்கு யாரும் தீங்கு செய்யவில்லையே. நிலநடுக்கம் யார் குற்றமும் இல்லை. மொனோனோகேயில் பன்றிச்சாமி நாகோவைப் பேயாக்கியது எபோஷியின் துப்பாக்கிக் குண்டு, உருண்டையாக, கையில் எடுத்துப் பார்க்கும்படி இருக்கிறது. குற்றவாளி தெரிகிற கதைதான் எனக்குப் பிடிக்கும்.

தேன்சிட்டு எழுதியது:

அண்ணன்மார்களே, சனிக்கிழமை நெருங்குகிறது. பொம் பொகோ போடலாம் என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன். பிறகுதான் வீட்டில் போட்டுப் பார்த்தேன். தனுக்கிகளின் விதைப்பை பாராசூட்டாகிறது, கம்பளமாகிறது, ஆயுதமாகிறது! ஆறாம் வகுப்புக்கு இதை எப்படிப் போடுவது?

சைதாமாவாசி எழுதியது:

தயங்காமல் போடுங்கள் அக்கா. இங்கே அது நாட்டுப்புறக் கதையிலும் பழைய அச்சோவியங்களிலும் நூற்றாண்டுகளாக இருக்கும் நகைச்சுவை. சாப்பாட்டுக் கடை வாசலில் பீங்கான் தனுக்கி சிலை அதே கோலத்தில்தான் நிற்கும், பாலர் பள்ளிப் பிள்ளைகள் அதைப் பற்றிப் பாட்டே பாடுவார்கள். பத்து நிமிடம் சிரிப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். பேய் ஊர்வலம் முடிந்ததும் நிறுத்திவிட்டு, இது யார் செய்தது என்று அந்த முதலாளி சொல்வதற்கு முன்பே பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

வடக்குத்தெரு எழுதியது:

நிறுத்தாதீர்கள். அந்த முதலாளி பேசுவதைப் பிள்ளைகள் இடைவெளி இல்லாமல் கேட்க வேண்டும். என்ன சொன்னார்கள் என்று திங்கட்கிழமை இங்கே எழுதுங்கள்.